திருச்சபைப் பள்ளியில் ஆங்கிலம்: "திரும்ப எழுதிக்கொண்டு வா" என்று எப்போது சொல்வது?

தென்கரை_டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தூத்துக்குடி பக்கம் திருச்சபை நடத்தும் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் ஆங்கிலம் எடுக்கிறேன். கேள்வி சின்னதாகத் தெரியலாம், ஆனால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் இந்த வருஷம் முழுக்க இதுதான் பேச்சு. பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவதை எப்போது திரும்பச் செய்யச் சொல்வது, எப்போது கையெழுத்துப் போட்டு அடுத்த பாடத்துக்குப் போவது?

ஜூனில் பள்ளி திறந்ததும் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் ஐயா கொலோசெயர் 3:23-ஐ வாசித்தார். எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள் என்கிற வசனம். அரைகுறையாக வரும் எதையும் நம் பள்ளியில் வாங்கக் கூடாது, சரியாகும்வரை திரும்பச் செய்ய வைக்க வேண்டும் என்று சொன்னார். இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகைக்கு மேலே அந்த வசனம் தொங்குகிறது. அந்த வசனத்தை நம்பித்தான் நானும் வேலை செய்கிறேன். ஆனால் நோட்டு அடுக்கைத் திறந்து உட்காரும்போது அது எந்தப் பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை.

ஒரு கட்டுரை கொடுத்தால் வருவது இப்படித்தான்: சிலர் கைடைப் பார்த்துக் காற்புள்ளி அரைப்புள்ளிகூட மாறாமல் எழுதியிருப்பார்கள். சிலர் காலையில் பஸ்ஸில் எழுதியிருப்பார்கள், எழுத்து வரியை விட்டு மேலும் கீழும் ஓடும். இன்னும் சிலர் உட்கார்ந்து யோசித்து உண்மையாக எழுதியிருப்பார்கள், ஆனால் வரிக்கு இரண்டு பிழை. 'டிட் நாட் வென்ட்', 'ஹி டோண்ட் நோ', 'மை ஃபாதர் இஸ் ஹேவிங் ஒன் போட்'. இவர்கள் எல்லாருக்கும் ஒரே உத்தரவுதானா? கைடைப் பார்த்து எழுதியவனுக்கு நோட்டில் பிழையே இல்லை, அவன் தப்பிவிடுகிறான். சொந்தமாக முயன்ற பிள்ளைதான் மூன்றாவது தடவையும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சில வகுப்புகளில் இது இம்போசிஷனாகவே மாறிவிட்டது. தப்பான வாக்கியத்தை இருபது தடவை எழுது, அப்புறம் கட்டுரை முழுவதையும் ஃபேர் நோட்டில் எழுது. பிள்ளைகளும் அதற்குப் பழகிவிட்டார்கள். நான் சிவப்பில் திருத்தியதை ஒரு எழுத்து பிசகாமல் பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள், அடுத்த வாரம் அதே 'டிட் நாட் வென்ட்' வரும். விசுவாசத்தின் பேரில் நடக்கும் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவர்கள், எந்த மார்க்கமானாலும் சரி, நீங்கள் எங்கே கோடு போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

---

பழைய_பத்தாம்வகுப்பு:

டீச்சர், நான் ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியன். சேசு சபையார் நடத்தும் பள்ளியில் பல வருஷம் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பஸ்ஸில் எழுதிய பையனையும் உட்கார்ந்து எழுதிய பெண்ணையும் பிரித்துவிடுங்கள். 1967-ல் பிட் கார்டர் என்ற மொழியியல் அறிஞர் இந்த வித்தியாசத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார். விதி தெரிந்தும் அவசரத்தில் நழுவுவது ஒரு வகை. தனக்குள் உருவாகியிருக்கும் விதியே அப்படி இருப்பதால் வருவது வேறு வகை. முதல் வகையை மாணவன் தானே திருத்திக்கொள்வான். இரண்டாவதை அவனால் முடியாது, ஏனென்றால் அவன் கண்ணுக்கு அது தப்பாகவே தெரியாது. 'டிட் நாட் வென்ட்' எழுதும் பிள்ளையிடம் போய்க் கேட்டுப் பாருங்கள், "நேற்று நடந்ததுதானே மிஸ், அதான் வென்ட்" என்று நியாயமாகவே பதில் சொல்லும். அந்தப் பிள்ளையிடம் திரும்ப எழுது என்றால் எதைத் திரும்ப எழுதும்? உங்கள் சிவப்பு மையைத்தான் பார்த்து எழுதும். நீங்கள் பார்ப்பதும் அதுதான்.

யார் எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. பிழையை அடிக்காதீர்கள், வட்டமும் போடாதீர்கள். பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்து நோட்டைத் திருப்பிக் கொடுங்கள். வகுப்பிலேயே ஐந்து நிமிஷம் பென்சிலால் திருத்தட்டும். தானே திருத்திவிட்டால் அது நழுவல், அந்தப் பிள்ளைக்கு அது தெரியும். அவனிடம் தாராளமாகத் திரும்பக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஐந்து நிமிஷமும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தால் அது நீங்கள் இன்னும் கற்றுக்கொடுக்க வேண்டிய பாடம். அங்கே திரும்பச் செய்ய வேண்டியது ஆசிரியர்தான்.

அடுத்து, வகுப்பு முழுக்கத் தடுமாறியிருந்தால் என்ன செய்வது? நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு ஆங்கிலக் கற்பித்தல் திட்டம் நடத்தினார். இலக்கணத்தை முன்னால் வைக்காமல், பிள்ளைகள் யோசித்து முடிக்க வேண்டிய வேலைகளைக் கொடுத்து அதன் வழியாக மொழி வளரட்டும் என்பது அவர் எண்ணம். ஒரு வேலையை முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து வாய்விட்டுச் செய்வார், அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனியாகச் செய்வார்கள். ஏறக்குறையப் பாதி வகுப்பு, வேலையில் ஏறக்குறையப் பாதியையாவது சரியாகச் செய்தால் அது பொருத்தமான கடினம் என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குக் கீழே போனால் கொடுத்த வேலைதான் பொருந்தவில்லை என்று அர்த்தம். உங்கள் நோட்டு அடுக்கில் பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தால் யாரையும் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள். வேறொரு தலைப்பை எடுத்துக் கரும்பலகையில் அவர்களோடு சேர்ந்து எழுதிக் காட்டிவிட்டு, அப்புறம் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, முழுக் கட்டுரையையும் ஒருபோதும் திரும்பக் கேட்காதீர்கள். ஒரு பத்தி போதும். அதிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள். எங்கள் பள்ளியில் தெற்கத்திப் பையன் ஒருவன் ஆலயத்து அசனப் பண்டிகையைப் பற்றி, அதாவது சபையார் சேர்ந்து சமைத்து உண்ணும் விருந்தைப் பற்றி, எழுதினான். "அசனம் இஸ் எ வெரி குட் ஃபங்ஷன். ஆல் பீப்பிள் ஆர் ஹாப்பி. வீ ஷுட் ஹெல்ப் ஒன் அனதர்." பிழை ஒன்றுமில்லை, ஆனால் அந்த அசனத்துக்கு அவன் போனதாகவே தெரியவில்லை. நோட்டில், "முந்தின ராத்திரி உன் வீட்டில் யார் என்ன செய்தார்கள்? அதை மட்டும் நான்கு வரியில் எழுது" என்று எழுதினேன். திரும்பி வந்தது: "மை கிராண்ட்மதர் அண்ட் ஆல் த ஆன்ட்டீஸ் கட் பிரிஞ்சால் டில் மிட்நைட். தே ஸிங் ஸாங்ஸ். மை கிராண்ட்மதர் ஃபிங்கர் பிகேம் பிளாக்." முதலில் எழுதியதைவிட இதில் பிழை அதிகம். ஆனாலும் அந்தப் பக்கத்தில்தான் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன். 'ஸிங்', 'ஸேங்' பற்றி அடுத்த நாள் பேசிக்கொண்டோம். கத்தரிக்காய்க் கறை படிந்த பாட்டியின் விரல் கைடில் கிடைக்காது. கைடு பார்த்து எழுதும் பிள்ளைகளைப் பிடிப்பதற்கும் இந்த வழிதான் சரி. "காப்பி அடித்திருக்கிறாய், திரும்ப எழுது" என்று சொன்னால் பக்கத்து வீட்டு அக்காவின் நோட்டிலிருந்து வேறொன்றை எழுதி வருவான். அவனுக்கு மட்டுமே பதில் தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டால் அவனே எழுதித்தான் ஆக வேண்டும்.

இம்போசிஷன் பற்றி ஒரு வார்த்தை. சேசு சபையாரின் கல்வி ஒழுங்குமுறை 1599-ல் வெளியானது, லத்தீனில் ராசியோ ஸ்டூடியோரும் என்பார்கள். திரும்பச் செய்தல் அதில் பெரிய இடம் பெறும். ஆனால் அது எல்லாருக்குமான அன்றாடப் பயிற்சி. நேற்றைய பாடத்தை இன்று திரும்பச் சொல்வது, வாரத்தின் பாடத்தைச் சனிக்கிழமை திரும்பப் பார்ப்பது என்று கால அட்டவணையிலேயே இருந்தது. எழுத்து வேலையை ஒவ்வொரு மாணவனோடும் தனியாக, தாழ்ந்த குரலில் திருத்த வேண்டும், அந்த நேரத்தில் மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கட்டும் என்கிற மாதிரியான வழிகாட்டுதலும் அதிலேயே உண்டு. நானூறு வருஷத்துக்கு முன்பே குரலைத் தாழ்த்தச் சொல்லியிருக்கிறார்கள். நாம் இன்னும் நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது என்பதையும் உங்கள் ஸ்டாஃப் ரூமில் சொல்லுங்கள்.

---

மாலைப்_படிப்பகம்:

சாருடைய அனுபவத்துக்கு மரியாதை. ஆனால் நான் கொஞ்சம் மாறிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்ச் சபை நடத்தும் மாலை நேரப் படிப்பகத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகள், அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள்.

இந்தப் பிள்ளைகளிடம் "பரவாயில்லப்பா, முயற்சி பண்ணியிருக்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போடும் பெரியவர்களை நிறையப் பார்க்கிறேன். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையிடமிருந்து இதற்கு மேல் வராது என்று முடிவு கட்டியும் விடுகிறார்கள். நகரத்துக் கான்வென்டில் படிக்கும் பிள்ளையின் கடிதத்தை ஆசிரியர் விட்டுவிட்டாலும் வீட்டில் யாராவது திருத்துவார்கள், அல்லது டியூஷன் மிஸ் திருத்துவார். எங்கள் பிள்ளைக்கு நான் விட்டால் விட்டதுதான். நாளைக்கு வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும்போது, வாசிக்கிறவர் அவன் எவ்வளவு முயன்றான் என்று பார்க்கப் போவதில்லை. அதனால் கடிதம், விண்ணப்பம், தன்னைப் பற்றிய அறிமுகம், இந்த மூன்றும் சரியாகும்வரை திரும்ப எழுத வைப்பேன். முழுசாகத்தான், ஒரு பத்தி மட்டும் இல்லை. "நீ இதை நன்றாக எழுதுவாய், எனக்குத் தெரியும், அதனால்தான் திருப்பித் தருகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் தருவேன். பிள்ளைகளுக்கு வித்தியாசம் புரிகிறது.

ஆனால் எதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டேன். ஒரே அறை, அதில் டிவி ஓடும், தம்பி தங்கை தூங்கும், விளக்கை அணைக்கச் சொல்வார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்து ஃபேர் காப்பி எழுதிக்கொண்டு வா என்றால், நாம் பிள்ளையின் ஆங்கிலத்தையா சோதிக்கிறோம், வீட்டின் வசதியையா? திரும்பச் செய்வது என்றால் என் கண் முன்னால், படிப்பகத்து பெஞ்சில், நான் பக்கத்தில் இருக்கும்போது. நேரம் இல்லாவிட்டால் அன்றைக்குக் கேட்க மாட்டேன். தென்கரை டீச்சர், உங்கள் பள்ளியில் பஸ்ஸில் எழுதுகிற பிள்ளை ஏன் பஸ்ஸில் எழுதுகிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். சோம்பேறித்தனமாக இருக்கலாம். ராத்திரி தம்பியைப் பார்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம்.

---

உம்மு_ஆயிஷா:

எல்லார் மீதும் அமைதி உண்டாகட்டும். எந்த மார்க்கமானாலும் என்று டீச்சர் சொன்னதால் எழுதுகிறேன். பெண்கள் அரபிக் கல்லூரி ஒன்றில் ஆலிமா (மார்க்கக் கல்விப் பட்டம்) படிக்கும் மாணவிகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன்.

எங்களிடம் இந்தக் கேள்விக்கு நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே ஒரு சம்பவம் உண்டு. அபூஹுரைரா (ரலி) அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவானது. ஒருவர் பள்ளிவாசலுக்கு வந்து அவசரமாகத் தொழுதுவிட்டு நபியவர்களுக்கு ஸலாம் சொல்கிறார். ஸலாமுக்குப் பதில் சொல்லிவிட்டு, "திரும்பிப் போய்த் தொழுங்கள், நீங்கள் தொழவில்லை" என்கிறார்கள். அவர் போய் அதே மாதிரி தொழுதுவிட்டு வருகிறார். மறுபடியும் அதே பதில். மூன்று தடவை ஆனதும் அந்த மனிதர், இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கிறார். அப்போதுதான் நிற்பது, ஓதுவது, ருகூவில் (குனியும்போது) நிதானிப்பது, ஸஜ்தாவில் (தலையைத் தரையில் வைக்கும்போது) நிதானிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

திரும்பச் செய்யச் சொல்வது தவறில்லை என்பதற்கு இதைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, முதலில் ஸலாமுக்குப் பதில் வந்துவிடுகிறது என்பது. அந்த மனிதருக்குரிய மரியாதை குறையவில்லை. அப்புறம், "தெரியாது" என்று அவர் வாய்திறந்து கேட்கும் அளவுக்கு அங்கே பயமில்லாத சூழல் இருந்தது. கேட்டதும் மறுபடி அனுப்பவில்லை, கற்றுக்கொடுத்தார்கள். என் வகுப்பில் "தெரியவில்லை, சொல்லுங்கள் உஸ்தாதா" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு திரும்ப எழுது என்ற பேச்சே கிடையாது, சேர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

எங்கள் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. சிலர் ஹிஃப்ழு, அதாவது குர்ஆன் மனனம், முடித்தவர்கள். அங்கே சபக் (அன்றைய பாடம்) ஓதிக் காட்டும்போது ஒரு எழுத்து, ஒரு நீட்டல் பிசகினாலும் திரும்ப ஓத வேண்டும், அது சரியாகாமல் புதுப் பாடம் கிடைக்காது. குர்ஆனுக்கு அந்த ஒழுங்கு வேண்டும், ஏனென்றால் அது மாற்றவே கூடாத வேதம். ஆனால் அதே பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும்போது கட்டுரையையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். நினைவாற்றல் அபாரம், பிழையே இருக்காது, ஆனால் "லாஸ்ட் ஃப்ரைடே நீ என்ன செய்தாய்" என்று கேட்டால் ஒரு வாக்கியம் வராது. கட்டுரை என்பது அவள் மனதிலிருந்து வர வேண்டியது, அது பத்து விதமாக இருக்கலாம், பத்தும் சரியாக இருக்கலாம். அதனால் நான் திருப்பித் தருவது பெரும்பாலும் பிழையில்லாத நோட்டைத்தான். நோட்டை மூடிவிட்டு அதையே உன் தோழிக்கு வாயால் சொல், அவள் புரியாமல் கேட்கிற இரண்டு கேள்விகளையும் பதிலையும் சேர்த்து எழுது என்பேன். அதில் தடுமாறி வருகிற ஆங்கிலம்தான் அவளுடையது.

---

தென்கரை_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓரத்தில் புள்ளி வைப்பதை நாளைக்கே தொடங்குகிறேன். படிப்பகத்து பிரதர் சொன்னதும் சரிதான், பஸ்ஸில் எழுதுபவர்களை விசாரிக்கிறேன்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். காலை அசெம்பிளியில் ஒரு பிள்ளை சொந்தமாக எழுதிய ஆங்கில ஜெபத்தை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். போன வாரம் ஒரு மாணவி எழுதித் தந்தது: "லார்ட், மை ஃபாதர் போட் இஸ் நாட் கம் டூ டேஸ். மை மதர் நாட் ஈட். யூ ஒன்லி ப்ரிங்." (படகு அடுத்த நாள் பத்திரமாக வந்துவிட்டது, தேவனுக்கு ஸ்தோத்திரம்.) இதைத் திருத்தி எழுத வைத்துத்தான் மைக்கில் வாசிக்க விட வேண்டும், பெற்றோரும் விருந்தினரும் வருகிற இடம் என்று ஹெச்.எம். சொல்கிறார். எனக்கு அந்தத் தாளில் பேனா வைக்கவே கை வரவில்லை.

இன்னொன்று, 'எனக்குப் பிடித்த திருவிழா' என்ற தலைப்புக்கு ஒரு பையன் தன் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையைப் பற்றி எழுதினான். நன்றாகவே எழுதியிருந்தான். வேறொரு ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸைப் பற்றித் திரும்ப எழுது என்று சொல்லியிருக்கிறார்.

---

ஞாயிறுபள்ளி_அக்கா:

டீச்சர் தங்கச்சி, இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கூடாது. அந்தப் பையன் கேட்ட தலைப்புக்குத் தன் வாழ்க்கையிலிருந்து உண்மையாகப் பதில் எழுதினான். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படிக்கும் பிள்ளையை, அதுவும் மைனரை, பெற்றோர் சம்மதமில்லாமல் மதபோதனையில் பங்கெடுக்க வைக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28(3) சொல்கிறது. இங்கிலீஷ் பீரியடில் கட்டுரையை மாற்ற வைப்பது அதற்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் பேசட்டும். எனக்கு அதைவிடப் பெரியது, பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக எழுது என்று ஒரு கிறிஸ்தவ ஆசிரியை பிள்ளைக்குச் சொல்வது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்று கற்றுக்கொடுக்கிற இடம் அல்லவா நாம்? அந்த நோட்டை வாங்கி, அவன் பார்க்கும்படி கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கொடையில் வில்லுப்பாட்டு உண்டா, அதைப் பற்றி இன்னொரு பத்தி எழுதுகிறாயா என்று கேளுங்கள்.

இனி ஜெபம். ஜெபம் உங்களுக்கு எழுதியது இல்லை. யாருக்கு எழுதியதோ அவருக்குப் புரிந்துவிட்டது. அதைத் திருப்பித் தரவே கூடாது, மதிப்பெண்ணும் கூடாது, ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். மைக்கில் வாசிப்பது வேறு காரியம், அங்கே ஹெச்.எம். சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் பின்வரிசைப் பையன்கள் சிரித்துவிட்டால் அந்தப் பிள்ளை அதை மறக்காது. அதனால் அவளிடமே கேளுங்கள். இதை எல்லார் முன்னாலும் சொல்ல உனக்கு விருப்பமா, அல்லது இதை உன்னிடமே வைத்துக்கொண்டு வேறு எழுதுகிறாயா? விருப்பம் என்றால் பக்கத்தில் உட்காரவைத்து, வாயால் சொல்லச் சொல்லிக் கேட்டு, ஒரு தனித்தாளில் அவள் கையாலேயே எழுதட்டும். "மை ஃபாதர்ஸ் போட் ஹாஸ் நாட் கம் பேக். மை மதர் இஸ் நாட் ஈட்டிங்." இரண்டு வரிதானே. கடைசி வரியைத் தொடாதீர்கள். 'யூ ஒன்லி ப்ரிங்' இலக்கணப்படி எப்படியோ, கேட்கிற எல்லாருக்கும் விளங்கும். முதல் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது கரும்பலகை மேல் தொங்கும் வசனம். தாளாளர் ஐயாவிடம் மரியாதையாக, அதே அதிகாரத்தில் 21-ஆம் வசனத்தையும் வாசிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பிதாக்களே, பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று இருக்கிறது. இரண்டே வசனம் தள்ளி. 23-ஆம் வசனத்துக்கு முன்னால் இருக்கும் 22, எஜமான்களுக்குக் கீழே உழைக்கும் வேலைக்காரருக்குச் சொன்னது, பார்வைக்கு ஊழியம் செய்யாதீர்கள் என்கிறது. மிஸ் பார்ப்பதற்காக, சிவப்பு மையைப் பார்த்து, அழகான கையெழுத்தில், ஒன்றும் புரியாமல் மூன்றாம் தடவை எழுதி வருகிற ஃபேர் காப்பி பார்வைக்குச் செய்கிற ஊழியம் இல்லாமல் வேறென்ன? அந்த வசனத்தை உண்மையாகப் பின்பற்ற வேண்டும் என்றால் இம்போசிஷனைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

திரும்ப எழுதுவதற்கு வேதாகமத்திலிருந்து ஒரு நல்ல உதாரணம் வேண்டுமானால் எரேமியா 36-ஐப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல பாருக்கு என்பவர் எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா துண்டு துண்டாக அறுத்துத் தீயில் போடுகிறான். மறுபடியும் வேறொரு சுருள் எடுத்து எழுதுகிறார்கள். அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள், பழைய வார்த்தைகளோடு இன்னும் அநேக வார்த்தைகளும் சேர்க்கப்பட்டன என்று முடியும். இரண்டாம் தடவை எழுதும்போது பிள்ளைக்குப் புதிதாகச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும், பாட்டியின் விரல் மாதிரி. அப்படி ஒன்றும் இல்லையென்றால் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள், எங்கேயும் நடக்கக் கூடாதது. பேசினதற்கு, நோட்டு கொண்டு வராததற்கு என்று வேத வசனத்தையே ஐம்பது தடவை எழுத வைக்கிறார்கள். அந்த வசனம் அந்தப் பிள்ளைக்கு வளர்ந்த பிறகும் தண்டனையாகத்தான் நினைவில் இருக்கும். தயவுசெய்து வேண்டாம்.

---

பழைய_பத்தாம்வகுப்பு:

அக்கா சொன்னதற்கு மேல் ஜெபத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. படிப்பகத்துத் தம்பிக்கு ஒரு வார்த்தை. கடிதத்தையும் விண்ணப்பத்தையும் முழுசாகத் திரும்ப எழுத வைப்பது சரி, ஏற்கிறேன். அதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது, வெளியே போகிற தாள், முழுசாகச் சரியாக இருந்தால்தான் பயன். நான் ஒரு பத்தி என்று சொன்னது கட்டுரைக்கு. பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுத வைக்கிறீர்களே, அது நான் டீச்சருக்கு எழுதும்போதே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

டீச்சர், பத்தாம் வகுப்பையும் கையில் வைத்திருக்கிறீர்கள், அங்கே நேரம் வேறு மாதிரி. ஆங்கிலத்தாளில் நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண் ஐந்து மதிப்பெண் கேள்விகளில்தான் இருக்கிறது, எட்டு மதிப்பெண் கேள்வி இரண்டு சேர்த்தால் அறுபத்தாறு. எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பயமில்லை. அதனால் அரையாண்டுவரை இங்கே சொன்னபடி செய்யுங்கள், வாரத்தில் ஒரு பீரியடை ஒதுக்கிவிட்டால் போதும். அந்தப் பீரியடில் மற்றவர்கள் ஒரு பத்தியைத் திரும்ப எழுதட்டும், நீங்கள் ஆறேழு பேரை மேசைக்கு அழைத்துத் தனித்தனியாகப் பேசுங்கள். அடுத்த வாரம் அடுத்த ஆறேழு பேர். அரையாண்டுக்குப் பிறகு ரிவிஷன் தேர்வுகள் வரிசையாக வரும், அப்போது முழு விடைத்தாளையும் யாரும் திரும்ப எழுதச் சொன்னால் சண்டை போட்டாவது தடுங்கள். எந்த ஒரு கேள்வியில் இன்னும் இரண்டு மதிப்பெண் எடுக்க முடியும் என்று பிள்ளையே தேர்ந்தெடுத்து அதை மட்டும் எழுதட்டும். முப்பத்தைந்துக்குத் தள்ளாடும் பிள்ளைகளும் அப்படித் தேர்ந்தெடுக்கப் பழகிவிடுவார்கள், சிலர் நீங்கள் நினைக்காத கேள்வியைத் தேர்ந்தெடுப்பார்கள், அதைத் தடுக்காதீர்கள்.